யாருக்கு விற்கச் சொல்கிறீர்கள்?

தயவுசெய்து அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் சனிக்கிழமை நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், அரசு நடத்தும் எங்கள் பனிச்சறுக்கு மலையில், லிஃப்டின் கீழ் மேடையில், கையில் பனி அள்ளும் மண்வெட்டியோடு. ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து மலை மேல் ஏற்றிச் செல்லும் சேர்லிஃப்ட் நின்றது, ஆட்கள் அந்தரத்தில் தொங்கினார்கள், ஒரு குழந்தை குளிரில் அழுதது. எல்லாம் உண்மை. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே நம் ஆட்கள் வரிசையாக வந்து 'கவர்மென்ட் நடத்தினா இப்படித்தான்', 'வித்துத் தொலைங்கப்பா' என்று எழுதியிருந்தார்களே, அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் லிஃப்ட் ஏன் நின்றது என்று சொல்லிவிடுகிறேன். பலருக்கு அது தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சேர்லிஃப்டின் இரும்பு வடம் ஒவ்வொரு கோபுரத்தின் தலையிலும் வரிசையாக இருக்கும் உருளைகள் மேல் ஓடுகிறது. வடம் தன் தடத்தை விட்டு விலகினால் உடைவதற்கென்றே பக்கத்தில் ஒரு சின்ன உலோகத் துண்டை வைத்திருப்பார்கள். அது உடைந்தால் பாதுகாப்பு மின்சுற்று அறுந்து லிஃப்ட் தானாக நின்றுவிடும். உறைபனி கட்டிக்கொண்டாலும் சில சமயம் உடையும். அப்புறம் கீழே இருப்பவர் பொத்தானை அமுக்கி ஓட்டிவிட முடியாது, ஓட்டவும் கூடாது. ஒரு ஆள் கோபுரத்தில் ஏறிப் பார்த்தாக வேண்டும். அன்றைக்கு எங்கள் மெக்கானிக் அந்தக் காற்றில் ஏணிப்படி முழுக்கப் பனி பூத்திருந்த கோபுரத்தில் ஏறி, இடுப்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, சுத்தியலால் உருளைகளில் இருந்த பனிக்கட்டியைத் தட்டித் தட்டி உதிர்த்து, துண்டை மாற்றிவிட்டு இறங்கினார். இறங்கும்போது அவர் புருவம் வெள்ளையாக இருந்தது. வீடியோவில் அது இல்லை. வீடியோ எடுத்தவர் அதற்குள் ஹாட் சாக்லேட் வாங்கப் போய்விட்டார்.

லிஃப்ட் நிற்க வேண்டிய நேரத்தில் நின்றது. இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். அரசு வைத்திருக்கும் பனிச்சறுக்கு மலையிடம் நாம் ரெண்டு விஷயம் கேட்கிறோம். டிக்கெட் மலிவாக இருக்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தர வேண்டும், பனி இல்லாத வருஷமும் திறந்திருக்க வேண்டும், சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களுக்குக் குளிர்காலத்தில் வேலை தர வேண்டும், காட்டை அழிக்கக் கூடாது. இது ஒன்று. வருஷக் கடைசியில் லாபம் காட்ட வேண்டும். இது இன்னொன்று. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பொதுச் சேவை செய் என்று கட்டளை போடுவதும் நாம்தான், பிறகு தனியார் கம்பெனிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு மார்க் போடுவதும் நாம்தான்.

நியூயார்க் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வைட்ஃபேஸ், கோர், பெல்லேயர் மூன்றும் மாநிலத்தின் மலைகள். 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்ஸ் முடிந்த பிறகு அந்த வசதிகளைப் பராமரிக்க 1981-ல் அமைத்த ஆணையம்தான் இன்று மூன்றையும் நடத்துகிறது. அந்த மலைகள் இருக்கும் காடு 'என்றும் காடாகவே இருக்க வேண்டும்' என்று மாநில அரசியல் சாசனமே சொல்கிறது. அதனால் அங்கே சறுக்குத் தடம் போடவே சாசனத்தைத் திருத்தினார்கள், வைட்ஃபேஸுக்கு 1941-ல், மற்ற இரண்டுக்கும் 1947-ல். அதிலும் கணக்கு உண்டு. வைட்ஃபேஸில் 25 மைல் தடம், அதற்கு மேல் கூடாது. தடத்தின் அகலம் 30 அடியிலிருந்து 200 அடிக்குள், அதிலும் 120 அடிக்கு மேல் அகலமானது 5 மைலைத் தாண்டக் கூடாது. சாசனத்தில் இப்படி எழுதியிருக்கிறது! இதை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்து இரண்டு சட்டமன்றங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு. தனியாருக்கும் அனுமதி வாங்கும் தலைவலி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் தனியார் முதலாளியாவது புதுத் தடம் வெட்ட ஒரு மாநிலத்து வாக்காளர் அத்தனை பேரிடமும் போய்க் கேட்டிருக்கிறாரா?

காசு விஷயத்துக்கு வருவோம். லிஃப்டை நினைத்த நேரத்தில் வாங்கிவிட முடியாது. உலகத்தில் பெரிய லிஃப்ட் தயாரிப்பாளர்கள் என்றால் ஆஸ்திரியாவின் டொப்பல்மயர், இத்தாலியின் லெய்ட்னர் குழுமம், இப்படி விரல் விட்டு எண்ணிவிடலாம். கோடையில் கட்ட வேண்டுமென்றால் வெகு முன்னதாகவே ஆர்டர் போட்டிருக்க வேண்டும். மலையில் மண் குளிரில் உறைந்து இறுகும் முன் அஸ்திவாரம் போட்டால்தான் உண்டு. ஆனால் அரசுப் பணம் எப்படி வரும்? பட்ஜெட் நிறைவேற வேண்டும், டெண்டர் விட வேண்டும், தோற்றவர் ஆட்சேபிக்க வேண்டும், அதை விசாரிக்க வேண்டும், அப்புறம் கையெழுத்து. அதற்குள் அந்தக் கோடை போய்விடும். ஒரு வருஷம் அவுட். தனியார் கம்பெனியில் ஒரே கூட்டத்தில் முடிகிற காரியம். டெண்டர் வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேண்டும். நம் பணம், வேண்டும்தான். ஆனால் டெண்டரும் இருக்க வேண்டும், தனியாரின் வேகமும் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

நியூ ஹாம்ப்ஷயரில் கேனன் மலை மாநில அரசுடையது. வட அமெரிக்காவிலேயே முதல் பயணிகள் கேபிள் கார் 1938-ல் அங்கேதான் ஓடியது. அதன் இடத்தில் 1980-ல் வந்த இரண்டாவது வண்டிக்கு 2025 அக்டோபரில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நாற்பத்தைந்து வருஷம் ஓடியிருக்கிறது. ஒரு தலைமுறை முழுக்க 'அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால் இப்படித்தான் ஆகும். தள்ளிப்போட்டவர்கள் யார்? வரியைக் குறை என்று ஓட்டுப் போட்ட நாமா, அங்கே உருளைக்கு கிரீஸ் வைத்தவரா?

பனிக்கும் யாரும் டெண்டர் விட முடியாது. செயற்கைப் பனி போட்டால் போச்சு என்கிறார்கள் சிலர், ஏதோ குழாயைத் திறந்துவிடுவது மாதிரி. குளிர் மட்டும் போதாது. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். அந்த நேரம் நடுராத்திரி வரலாம், மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். அதற்குள் பம்ப் ஓட வேண்டும், அழுத்தக் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும், குழாய் உறையாமல் பார்க்க ஆள் வேண்டும். கரண்ட் பில்லை நினைத்தால் எனக்கே வயிறு கலங்கும். அந்த ராத்திரி வேலைக்கு மணிக்கூலிக்கு வரும் பையன்களை எங்கள் மலையால் ஒவ்வொரு சீசனும் பிடித்துவைக்க முடிவதில்லை. பக்கத்தில் இருக்கும் பெரிய கம்பெனி கூலியை ஏற்ற நினைத்தால் அடுத்த வாரமே ஏற்றிவிடும். எங்களுக்கு அரசுச் சம்பள அட்டவணை இருக்கிறது. அதை மாற்ற மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும்.

இப்போது வருகிறது பிரபலமான கேள்வி. 'தனியாரிடம் கொடுத்தால் ஒழுங்காக நடக்குமே?'

நடக்குமா? 2024 டிசம்பர் கடைசியில், விடுமுறைக் கூட்டம் நெரிந்த வாரத்தில், யூட்டாவில் பார்க் சிட்டி மலையில் என்ன நடந்தது? நடத்துவது வெயில் ரிசார்ட்ஸ், அமெரிக்காவிலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று. மீட்புப் பணியாளர்கள் சுமார் இருநூறு பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலரை 23 ஆக்க வேண்டும் என்பது. ரெண்டு டாலர்! நிறையத் தடங்கள் மூடிக்கிடந்தன, லிஃப்ட் வரிசையில் ஜனம் மணிக்கணக்கில் நின்றது. அப்போது யாராவது 'தனியார் நடத்தினா இப்படித்தான், அரசே எடுத்துக்கொள்' என்று எழுதினீர்களா? நான் தேடிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பெரிய கம்பெனி மலைகளில் கவுன்டரில் வாங்கும் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. அதை எல்லாம் 'பிரீமியம் அனுபவம்' என்பீர்கள். வெர்மான்ட்டின் ஜே பீக் பனிச்சறுக்கு மலை நினைவிருக்கிறதா? தனியார்தான். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கிரீன் கார்டுக்காகப் போட்ட பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக 2016-ல் பங்குச்சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. அதைச் சொன்னால் 'அது ஒரு விதிவிலக்கு' என்பார்கள். தனியாரில் தப்பு நடந்தால் விதிவிலக்கு, அரசில் லிஃப்ட் நின்றால் அதுதான் விதி.

'குத்தகைக்கு விடலாமே' என்று ஒருவர் நிதானமாகக் கேட்டிருந்தார். அவருக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். விடலாம். நியூ ஹாம்ப்ஷயர் தன் இன்னொரு மலை சுனாப்பியை 1998-ல் குத்தகைக்கு விட்டது. அந்தக் குத்தகைப் பணம் கேனன் மலையின் மேம்பாட்டுக்குப் போகிறது. டென்வர் நகரத்துக்குச் சொந்தமான வின்டர் பார்க் மலையையும் இப்படித்தான் ஒரு கம்பெனி நடத்துகிறது. இது முட்டாள்தனமான யோசனை அல்ல. ஆனால் சுனாப்பியை முதலில் எடுத்தது மலை நடத்திப் பழகிய ஒரு குடும்பம், அப்புறம் கைமாறிக் கைமாறி 2018-ல் வெயில் ரிசார்ட்ஸிடம் போய் நின்றது. ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்ததா அது? அதுவும் போக, பெரிய மலைக்குத்தான் குத்தகைதாரர் வருவார். எங்கள் மலை மாதிரி ஒன்றை யார் எடுப்பார்கள்? எடுத்தால் முதலில் வெட்டுவது எதை என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமைப் பிள்ளைகளைத்தான். வாரநாளில் பள்ளிப் பேருந்தில் வருவார்கள். பாதிப் பேருக்கு இரவல் பூட்ஸ், இரவல் ஹெல்மெட். போன சீசனில் ஒரு பெண் குழந்தை காலுறைக்கு மேல் ரொட்டிப் பாக்கெட்டின் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு பூட்ஸுக்குள் காலை விட்டிருந்தாள், ஈரம் இறங்காமல் இருக்க. லிஃப்டில் உட்காரப் பயம். நான் வேகத்தைக் குறைத்து, நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, 'முட்டியை மடக்கு, உட்கார், பின்னால் சாய்' என்று சொன்னேன். முதல் தடவை அப்படியே குப்புற விழுந்தாள். நாற்காலி தலைக்கு மேல் போனது. எழுந்து ஓடிப் போய் மறுபடி வரிசையின் கடைசியில் நின்றாள். அந்த பஸ்ஸால் வரும் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் ஒன்றும் இல்லை. நஷ்டம். அந்த நஷ்டத்துக்காகத்தான் அந்த மலை பொதுச் சொத்தாக இருக்கிறது. அதை எத்தனை தடவை சொல்வது?

'நீ அங்கே வேலை பார்ப்பதால் சப்பைக்கட்டு கட்டுகிறாய்' என்று வருவீர்கள். ஆமாம், வாரக்கடைசியில் நிற்கிறேன். சீசன் பாஸுக்காகவும், கொஞ்சம் கூலிக்காகவும், பிடித்திருப்பதாலும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டு 'சாஃப்ட்வேர் இன்ஜினியர் லிஃப்ட் தள்ளுறாராம்' என்று எழுதினார். அவர் குடும்பத்தோடு வந்தபோது அவருடைய பையனைப் பிடித்து உட்கார வைத்ததும் நான்தான். அதை அந்தக் குழுவில் நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

'பனிச்சறுக்கே ஆடாதவன் வரி ஏன் கட்ட வேண்டும்?' நியாயமான கேள்விதான். நான் போகாத பூங்காவுக்கும் கட்டுகிறேன், நீங்களும் கட்டுங்கள். 'பக்கத்துத் தனியார் சின்ன மலைக்காரன் அரசோடு எப்படிப் போட்டி போடுவான்?' இது கொஞ்சம் குத்துகிறது. லேக் பிளாசிடில் 2023 பல்கலைக்கழக விளையாட்டுகளுக்காக 500 மில்லியன் டாலருக்கு மேல் கொட்டியபோது பக்கத்து மலைக்காரர்கள் வயிறெரிந்ததில் அர்த்தம் இருந்தது. ஆனால் அந்த வாதத்தை வைத்துக்கொண்டு எங்கள் மலையை மூடச் சொல்ல முடியாது. எங்களுக்கு 500 மில்லியன் யாரும் தரவில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டே எத்தனை மாதமாகிறது.

மூட வேண்டுமென்றால் மூடலாம், அதற்கும் முறை இருக்கிறது. பிரான்ஸில் 1985 மலைச் சட்டப்படி லிஃப்ட் சேவைக்குப் பொறுப்பு உள்ளாட்சியுடையது. 2024 அக்டோபரில் ஆல்ப்ஸ் மலையில் செய்ன் என்ற சிற்றூர், தன் கிராண் புய் மலையை நடத்துவதா வேண்டாமா என்று ஊர் மக்களிடமே கேட்டது. பத்தில் ஏழு பேர் மூடச் சொன்னார்கள். மூடினார்கள். பனியும் இல்லை, காசும் இல்லை, பேசி முடிவெடுத்தார்கள். எனக்கு அது வருத்தம்தான், ஆனாலும் மதிக்கிறேன். நியூயார்க்கில் நேர்மாறாக, 1980களில் பெல்லேயரை மூடப் பார்த்தபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டார்கள், 1987-ல் சாசனத்தையே திருத்தி மலையை விரிவாக்கினார்கள். ரெண்டும் ஜனநாயகம். நாற்பது நொடி வீடியோவுக்குக் கீழே 'வித்துடு' என்பது அந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் வேறு விஷயம். இதே ஆட்கள் காஷ்மீர் போய் குல்மார்க் கோண்டோலாவில் ஏறி, அஃபர்வத் மலையில் நின்று, 'சொர்க்கம்' என்று படம் போட்டார்கள். அது ஜம்மு காஷ்மீர் அரசின் கேபிள் கார் கார்ப்பரேஷன் நடத்துவது. 2017-ல் கோண்டோலா பாதையில் மரம் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், மறக்கக் கூடாத விபத்து, அரசு என்றால் எல்லாம் புனிதம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. 2025-ல் பனி இல்லாமல் அங்கே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே தள்ளிவைத்தார்கள். மேகம் அரசா தனியாரா என்று பார்த்துப் பெய்வதில்லை. அங்கே போனால் சொர்க்கம், இங்கே வந்தால் 'கவர்மென்ட் புத்தி'. அந்த வார்த்தையைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கோபுரத்தில் ஏறியவரின் புத்தி அது என்றால், அந்தப் புத்தி எனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

கீழே எழுதுங்கள், தடுக்கவில்லை. ஆனால் வெறுமனே 'வித்துடு' என்று மட்டும் எழுதினால் நீக்கிவிடுவேன். யாருக்கு விற்பது, டிக்கெட் என்ன விலை ஆகும், புதன்கிழமை பஸ் வருமா வராதா, இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டு அப்புறம் திட்டுங்கள். அந்த வீடியோவை எடுத்த சகோதரர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார் என்று தெரியும், அவரும் எழுதலாம்.