பாட்டு அவர்களுடையது, பத்திரிகை யாருடையது?

அமெரிக்க இசை இதழ்களில் வரும் ஹிப்ஹாப் விமர்சனங்களைப் படிக்கும்போதெல்லாம், அந்த இசை பிறந்த நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியின் பேச்சையும் கேலியையும் அறிந்த கறுப்பினத்தவர் ஒருவர்கூட அச்சுக்குப் போகுமுன் அதைப் பார்த்திருக்க மாட்டாரோ என்ற எரிச்சல் எனக்கு எழுகிறது. பாடகர் நையாண்டியாகச் சொன்னதைக் குற்ற ஒப்புதலாகப் படித்துவிட்டு, அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள்.

ஜாஸ் விமர்சகர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், முதன்மையான ஜாஸ் கலைஞர்களோ அப்படியல்லர் என்று கறுப்பினக் கவிஞரும் விமர்சகருமான லெராய் ஜோன்ஸ் டவுன்பீட் என்ற ஜாஸ் இதழில் எழுதியது 1963இல். அறுபது ஆண்டுகள் கழித்து, 2023இல், ரோலிங் ஸ்டோன் இசை இதழின் நிறுவனர்களில் ஒருவரான யான் வென்னரிடம், அவருடைய நேர்காணல் நூலில் வெள்ளை ஆண்கள் மட்டுமே இருப்பது ஏன் என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்த அளவுக்குக் கருத்தை எடுத்துரைக்கும் திறன் இல்லை என்ற பொருள்பட அவர் பதில் சொன்னார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளையின் இயக்குநர் குழுவிலிருந்தும் நீக்கப்பட்டார். ஒருவரை நீக்குவது எளிது. ஆசிரியர் குழுவில் கறுப்பினத்தவருக்கு நாற்காலி போடுவதுதான் இவர்களுக்கு வருவதில்லை.

தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்ற சாக்கைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. கறுப்பின இசைத் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் 1993இல் தொடங்கிய வைப் என்ற இசை இதழுக்கு மட்டும் கறுப்பின எழுத்தாளர்கள் எங்கிருந்து கிடைத்தார்களாம்? பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதத்துக்கும், பெரிய பாடகர் ஒருவர் இறந்தால் இரவோடிரவாக அஞ்சலிக் கட்டுரைக்கும் அவர்களை அழைக்கத் தெரிந்தவர்களுக்கு, மாதச் சம்பளம் கொடுத்து உள்ளே அமர்த்த மட்டும் முகவரி கிடைப்பதில்லை.