தணிக்கைக்கு வந்த கற்பனை எண்

(ஓய்வுபெற்ற தணிக்கையாளர் அப்பா. தேர்வுக்குப் படிக்கும் மகள். நோட்டில் ஒரு பின்னம்: மேலே 7 + 4ஐ, கீழே 2 − ஐ.)

அப்பா: யாரம்மா இந்த ‘ஐ’?

மகள்: கற்பனை எண் அப்பா. அதன் வர்க்கம் −1.

அப்பா: எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் குறை எண் வராதே! கற்பனைத் தொகையைக் கணக்கில் ஏற்றியவர்களைப் பிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது.

மகள்: இத்தாலியில் பொம்பெல்லி என்பவர் 1572-லேயே இதற்குப் பெருக்கல் விதிகளை அச்சிட்டுவிட்டார்.

அப்பா: ஒருவர்கூடவா ஆட்சேபம் எழுப்பவில்லை?

மகள்: 1637-இல் பிரெஞ்சுக் கணிதர் தெக்கார்த் எழுப்பினார். ‘கற்பனை’ என்று பெயர் வைத்ததே அவர்தான்.

அப்பா: எங்கள் துறைக்கு வந்திருக்க வேண்டிய மனிதர். சரி, இதை என்ன செய்ய வேண்டும்?

மகள்: பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, ‘ஐ’ இருக்கக் கூடாது. அதை அகற்ற வேண்டும்.

அப்பா: ஏழில் பாதி மூன்றரை. 4ஐ கீழே −ஐ, அது −4. முடிந்தது.

மகள்: ஐயோ! கீழே இருப்பது ஒரே எண். அதைத் துண்டுபோட்டு வகுக்கக் கூடாது.

அப்பா: அப்படியானால் கீழே உள்ளதை அதனாலேயே பெருக்கு. வர்க்கமானால் ‘ஐ’ ஓடிவிடும் என்றாயே.

மகள்: (எழுதிப் பார்த்து) 3 − 4ஐ. ஓடவில்லை. ஒன்று நான்காகிவிட்டது.

அப்பா: கூட்டாளிகளை அழைத்து வந்திருக்கிறது.

மகள்: நடுவில் உள்ள குறியை மட்டும் மாற்றி 2 + ஐ என்று எடுக்க வேண்டும். சாதாரண எண்ணும் கற்பனை எண்ணும் கலந்தது கலப்பெண்; இது அதன் இணை, இணைக் கலப்பெண். பெருக்கினால் +2ஐ, −2ஐ இரண்டும் அடிபட்டுப் போகும். மிச்சம் 4 − ஐ².

அப்பா: 4 − 1, மூன்று.

மகள்: ஐ² என்பதே −1 அப்பா. அதைக் கழித்தால் கூடும். ஐந்து.

அப்பா: (கண்ணாடியைக் கழற்றி) கீழே தொகை மாறியிருக்கிறது. யார் அனுமதித்தது?

மகள்: மேலேயும் அதே 2 + ஐ-யால் பெருக்குகிறோமே. மொத்தத்தில் ஒன்றால் பெருக்கியதுபோல. மதிப்பு மாறாது.

அப்பா: இரண்டு பக்கமும் ஒரே தொகையை ஏற்றிவிட்டு ஒன்றும் மாறவில்லை என்பது! இதே பதிலைச் சொன்ன ஒருவரின் இன்க்ரிமென்ட்டை நிறுத்தியிருக்கிறேன்.

மகள்: மேலே 14 + 7ஐ + 8ஐ + 4ஐ². அதாவது 10 + 15ஐ. ஐந்தால் வகுத்தால் 2 + 3ஐ.

அப்பா: பைசா மிச்சமில்லாமலா? முழுத் தொகையாக வரும் பில்லை நான் நம்பியதே இல்லை.

மகள்: பயிற்சிக் கணக்கு என்பதால் அப்படி. தேர்வில் கீழே பதிமூன்றோடு பின்னமாகத்தான் வந்து நிற்கும்.

(அப்பா பென்சிலைப் பிடுங்கி, 2 + 3ஐ-யை 2 − ஐ-யால் பெருக்குகிறார். 4 − 2ஐ + 6ஐ − 3ஐ². விரல்விட்டு எண்ணுகிறார்.)

அப்பா: 7 + 4ஐ. (ஏமாற்றத்துடன்) டேலி ஆகிறது.

மகள்: அடுத்தது சின்னது. மேலே 1, கீழே ஐ. இரண்டையும் −ஐ-யால் பெருக்கினால் கீழே 1, மேலே −ஐ. விடை −ஐ.

அப்பா: கீழே இருந்தவரை பணிவாக இருந்தது. மேலே வந்ததும் குறியே மாறிவிட்டது. பதவி உயர்வு பெற்ற எத்தனையோ பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன். இதைப் போய்க் கற்பனை என்கிறாயே!