புரோகிராமர் இல்லாமலும் நூலகத்தில் கோடிங் நடத்தலாம்

"புரோகிராமரும் ஆளுக்கொரு கணினியும் இன்டர்நெட்டும் இல்லாத நூலகம் பிள்ளைகளுக்குக் கோடிங் வகுப்பு நடத்த முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. இதைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு சின்ன நூலகம் பின்வாங்கிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தர பிரிட்டனில் 2012இல் தொடங்கிய 'கோட் கிளப்' பல பொது நூலகங்களில் தன்னார்வலர்களை வைத்தே நடக்கிறது. பாடங்கள் படிப்படியாக, இலவசமாகக் கிடைக்கின்றன. நடத்துபவருக்கு முன் அனுபவம் தேவையில்லை. பிள்ளைகளோடு சேர்ந்தே கற்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட, கட்டளைத் துண்டுகளைப் பொருத்தியே கோடிங் பழகும் 'ஸ்கிராட்ச்' மென்பொருளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், அதன்பிறகு இன்டர்நெட் வேண்டாம். ஒரு கணினி முன் இரண்டு பேர் உட்காரட்டும். ஒருவர் மவுஸ் பிடிக்க மற்றவர் யோசனை சொல்லும்போது பிள்ளைகள் பேசிப் பேசியே பிழையைக் கண்டுபிடிப்பார்கள்.

கணினியே இல்லையா? நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவான 'சிஎஸ் அன்பிளக்டு' பயிற்சிகளைப் பாருங்கள். 1, 2, 4, 8, 16 புள்ளிகள் போட்ட 5 அட்டைகள்; அவற்றைத் திருப்பித் திருப்பி, தெரியும் புள்ளிகளின் கூட்டுத்தொகையாக 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். 0, 1 இரண்டை மட்டும் வைத்துக் கணினி எண்களை எழுதும் பைனரி முறை அப்படியே புரிந்துவிடும்.

உண்மையில் தேவைப்படுவது, வாராவாரம் தவறாமல் வந்து பொறுமையாக உட்காரும் ஒரு பெரியவர். அப்படி ஒருவர் கிடைப்பதுதான் சிரமம்.