பொதி போதும், ஒரு ஆளைத் தாருங்கள்

வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கும், ஊரில் தொண்டு செய்கிற நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த குடும்பங்களுக்கு உதவும் ஒரு சிறிய அமைப்பில் நானும் தொண்டராக இருக்கிறேன். அங்கே நிற்க நிற்க ஒரு விசயம் மனதை அரிக்கிறது. அரிசி, மா, சீனி, பருப்பு என்று பொதி கட்டக் காசு தாராளமாக வருகிறது. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகப் பிரதேச செயலகத்துக்கும் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் அலைகிற ஆளுக்குப் பஸ் காசு கேட்டால் எல்லாரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

பொதி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வந்திறங்கிய முதல் மாதம் அடுப்பு எரிய வேண்டும், அதற்கு அது வேண்டும். ஆனால் திரும்பி வந்த குடும்பம் முடங்கிப் போவது பசியால் மட்டும் இல்லை. கையில் துண்டு, அதாவது அடையாள அட்டை, சான்றிதழ் போன்ற ஆவணம், இல்லாததால்தான் அதிகம் முடங்குகிறது. அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, ஒழுங்கான வேலை இல்லை, வாக்கு இல்லை. பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு நெருங்கும்போது அங்கேயும் அட்டையைத்தான் கேட்கிறார்கள்.

1983 க்குப் பிறகு மன்னாரில் இருந்தும் வடமராட்சிக் கரையில் இருந்தும் எத்தனை வள்ளங்கள் இராமேஸ்வரம் பக்கம் போயின என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. போனவர்கள் மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 2021 இல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்கில்கூட 58,000 க்கு மேற்பட்டவர்கள் இன்னும் முகாம்களில்தான் இருந்தார்கள். அந்த வருசம் முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். 2019 இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடம் இல்லை. அங்கே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் முடித்த பிள்ளைகளுக்கு அந்த நாடும் குடியுரிமைத் துண்டு கொடுக்கவில்லை. இங்கே வந்தால் இந்த நாட்டுத் துண்டுக்கும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஒரு அக்கா வந்திருந்தா. வலிகாமம் வடக்கில் தாய்வீட்டுக் காணியின் மூலையில் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறா. மகளுக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். ஒரு பழைய சொப்பிங் பைக்குள் எல்லாவற்றையும் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தா: லமினேட் பண்ணின முகாம் குடும்ப அட்டை, தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், கணவருடைய மங்கிப்போன பழைய இலங்கை அடையாள அட்டை. மேசையில் பரப்பிப் பார்த்தால் தகப்பனின் பெயர் ஒன்றில் ‘ராசா’ என்று முடிகிறது, இன்னொன்றில் ‘ராஜா’. ஆங்கிலத்தில் எழுதின இடத்தில் இரண்டுக்கும் ஒத்துவராத ஒரு எழுத்துக்கூட்டு. கலியாணம் முகாம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. பிள்ளை பிறந்ததைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்று அப்போது இவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. “தம்பி, அலுவலகத்தில ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு கேக்கினம். எதை முதல்ல செய்யிறதெண்டு தெரியேல்ல” என்றா.

அவவுக்கு அந்த இடத்தில் வேண்டியது பக்கத்தில் இருக்கிற ஒரு ஆள். எதை முதலில் எடுக்க வேண்டும், எதற்குச் சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) எந்தக் கடிதம் வாங்க வேண்டும், எந்தப் படிவம் பதிவாளர் கிளைக்கு, எது ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு என்று தெரிந்த ஆள். பிறப்புப் பதிவே கிடைக்காத வயதானவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது தெரியாமலே வருசக்கணக்காக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அமைப்பில் இதெல்லாம் தெரிந்த ஒரு தங்கச்சி இருக்கிறா. பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்கிறா, அதுவும் எல்லா மாதமும் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. பொதிக்கு ஆயிரம் பேர் காசு தருவார்கள், இவவின் சம்பளத்தை மட்டும் ‘நிர்வாகச் செலவு’ என்று கழித்து விடுவார்கள். என்னைக் கேட்டால், எங்கள் அமைப்பில் உண்மையான உதவி என்பதே அவதான்.

காணி விசயம் இன்னும் மோசம். பத்து வருசம் ஒருவர் காணியை இடையூறில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். போரால் ஓடினவர்கள் இதில் அடிபட்டுப் போகக்கூடாது என்று 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சிக்கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் அதைப் பயன்படுத்தி வழக்குப் போட இரண்டு வருசம்தான் தந்தார்கள். முகாமில் இருந்த எத்தனை பேருக்கு அந்தச் சட்டம் வந்ததே தெரியும்? 2018 க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தக் கதவு சாத்தியாயிற்று. அந்த இரண்டு வருசத்தில் முகாம் முகாமாகப் போய்ச் சொல்ல யாராவது காசு செலவழித்திருந்தால் எத்தனையோ வளவுகள் தப்பியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

துண்டின் அருமை எங்களுக்குத் தெரியாததா? 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, வலிகாமமே நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடின வீடுகள் பிறகு எப்படி நிமிர்ந்தன, விட்டுவிட்டு ஓடின வீடுகள் எவ்வளவு இழுபட்டன என்று எல்லாருக்கும் தெரியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்துக்கும் இதே கதைதான். இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தில் இருந்து திரும்பித் தங்கள் சோனகதெருவுக்கு வந்தால், ‘உங்கள் பதிவு புத்தளத்தில் அல்லவா’ என்று கேட்கிறார்கள். இவர்களுக்கும் துண்டு அலுவல் பார்க்க ஆள் வேண்டும். இதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு முறைப்படி திரும்பி வந்த ஒரு வயதானவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். போன நேரம் சட்டப்படி வெளியேறவில்லையாம். போர் நடக்கும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினவர் எந்தக் குடிவரவு மேசையில் முத்திரை குத்துவது? பிறகு விட்டுவிட்டார்கள், சரி. ஆனால் அந்தச் செய்தி அங்குள்ள முகாம்களில் எப்படிப் பரவியிருக்கும் என்று யோசியுங்கள். வரலாம் என்று மூட்டை கட்டி வைத்திருந்த குடும்பங்கள் திரும்ப அவிழ்த்து வைத்துவிட்டன. இந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி எங்கள் எம்.பி.மாரை விடாமல் நெருக்க வேண்டியதும் அகதி உதவிதான். அதற்கு அரிசி மூட்டை தேவையில்லை.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பதாகை கட்டி, சனத்தை வரிசையில் நிறுத்தி, பொதியைக் கையில் கொடுத்து, முகம் தெரியப் படம் எடுத்து முகநூலில் போடுகிறீர்கள். அப்படி ஒரு படம் வந்த பிறகு ஒரு பொம்பிளைப்பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நின்றது. ஏற்கனவே அதன் கதை ‘இந்தியாக் கதை’ என்று வகுப்பில் பகிடி. இப்போது இதுவும். அனுப்பிய காசுக்குக் கணக்கு வேண்டும் என்பது நியாயம். அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது.

இது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. 1984 இல் சந்திரகாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் இருந்த அகதிகளையே தொண்டர்களாக்கி, பிறப்புப் பதிவு, குடியுரிமை அலுவல் என்று வருசக்கணக்காகச் செய்தது. இன்று கையில் ஒழுங்கான துண்டோடு வந்து இறங்குகிற குடும்பங்களில் பலதின் பின்னால் அப்படி ஒரு முகாம் தொண்டரின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பைப் படம் எடுத்துக் காட்ட முடியாது.

ஆகவே லண்டனில், கனடாவில், சுவிஸில் இருந்து அனுப்புகிற அண்ணாமார், அக்காமாரிடம் கேட்கிறேன். அடுத்த முறை பிறந்தநாளுக்கோ திவசத்துக்கோ காசு அனுப்பும்போது, ஒரு பங்கைத் துண்டு அலுவல் பார்க்கிற ஒருவரின் சம்பளத்துக்கு என்று சொல்லி அனுப்புங்கள். பஸ் காசு, போட்டோகொப்பி, சத்தியக்கடதாசிச் செலவு, காணி வழக்குக்குச் சட்டத்தரணி, இதற்கெல்லாம் தாருங்கள். அனுப்புகிற அமைப்பிடம் ‘எத்தனை பொதி கொடுத்தீர்கள்’ என்று கேட்பதோடு ‘எத்தனை பேருக்கு அடையாள அட்டை கிடைத்தது’ என்றும் கேளுங்கள்.

ஊரில் இருக்கிறவர்களிடம் கேட்பது வேறு. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13 ஆம் திருத்தத்திலேயே எழுதியாயிற்று. இன்னமும் எங்கள் சனத்தின் கைக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது. அதை வாசிக்கத் தெரியாமல் தவணையைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள், விதானைமார், ஆசிரியர்கள் எத்தனை பேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறீர்கள்! சிங்களம் வாசிக்கத் தெரிந்தால், படிவம் நிரப்பத் தெரிந்தால், வாரத்தில் ஒரு காலை போதும். உள்பெட்டியில் எழுதுங்கள், இடத்தையும் நேரத்தையும் சொல்கிறேன்.