ஏபிஎல்லில் கட்டப் புதிர் போட முடியாதா?

"ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைச் சார்ந்தது, அதனால் கட்டத்தில் நகரும் புதிர்களை ஏபிஎல் மாதிரி அணி மொழிகளில் போட முடியாது" என்று சிலர் சொல்வது தவறு. அணி மொழி என்றால் எண்களின் பட்டியலையோ கட்டத்தையோ முழுதாக ஒரே செயலில் கையாளும் நிரல் மொழி. முந்தையதைச் சார்ந்த கணக்குக்கென்றே அங்கே ஸ்கேன் (\) இருக்கிறது: ×\ என்றால் அதுவரையான பெருக்கல்கள், +\ என்றால் அதுவரையான கூட்டல்கள் வரிசையாக வரும்.

திசையைக் கலப்பெண்ணாக வையுங்கள்: கிழக்கு 1, வடக்கு கற்பனை அலகு (-1 இன் வர்க்கமூலம்). இடப்பக்கம் திரும்ப கற்பனை அலகால் பெருக்க வேண்டும். வலப்பக்கம் என்றால் அதன் எதிர்ம எண்ணால். வடக்கு பார்த்து நிற்கிறோம், கட்டளை "வலம் 2, இடம் 3" என்று கொள்வோம். திருப்பங்களுக்கு ×\ கொடுத்து ஆரம்பத் திசையால் பெருக்கினால் கிழக்கு, வடக்கு என்று திசைகள் வரும். அவற்றைத் தூரங்களால் பெருக்கி +\ போடுங்கள். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் நிற்கும் இடம் வரிசையாகக் கிடைக்கும். கடைசியில் நிற்பது கிழக்கே 2, வடக்கே 3. லூப்பே கிடையாது.

சுவர் இருந்தால் இது மட்டும் போதாது, உண்மைதான். அப்போது எட்டிய கட்டங்களை 0-1 அணியாக வைத்து, நாலு பக்கமும் நகர்த்தி, பழைய அணியோடும் சேர்த்து ∨ (அல்லது) போட்டு, திறந்த இடங்களோடு ∧ (மற்றும்) செய்து, ⍣≡ கொண்டு மாற்றம் நிற்கும்வரை ஓட்டலாம். இலக்கு முதலில் 1 ஆகும் சுற்றின் எண்தான் குறுகிய தூரம். அணியை நகர்த்தும் ⌽ (இடவலம்), ⊖ (மேல்கீழ்) இரண்டும் ஓரத்தை மறுபக்கம் கொண்டுபோய் ஒட்டிவிடும், ஆகவே முதலில் சுற்றிலும் சுவர் கட்டிவிடுங்கள்.

குறை சொல்வதென்றால் வேகத்தைச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றும் முழுக் கட்டத்தையும் தொடுவதால், நீண்டு வளைந்த பாதைகளில் இந்த முறை திணறத்தான் செய்யும்.