வெள்ளையடிக்கப்பட்ட ஒரு வரி

எங்கள் பள்ளிப் பலகை விவகாரம் உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குக் கீழே, "தன்பாலீர்ப்பு நோயல்ல, குழப்பமாக இருந்தாலும் பேசலாம்" என்று நான் எழுதச் செய்த வரியை மட்டும் வெள்ளையடித்துவிட்டார்கள். எண்ணை விட்டுவைத்த பெருந்தன்மைக்கு நன்றி.

வாய் திறந்து கேட்க முடியாத பிள்ளைக்காகத்தான் அந்த வரி. "யாராவது கேட்டால் ஆலோசகர் சொல்லப்போகிறார்" என்கிறார்கள் மேலாண்மைக் குழுவினர். கேட்க முடிந்தவனுக்குப் பலகை எதற்கு?

என் தம்பி 16 வயதில் மூன்று மாதம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அம்மா அழைத்துப் போன மருத்துவர், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார். பிறகு பரிகாரம், தாயத்து. அவன் சாக நினைத்திருந்தான் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவனுடைய தமிழாசிரியர் மட்டும் ஒருநாள் தனியே அழைத்து, "என்னப்பா பிரச்சினை?" என்று கேட்டாராம். தன்னைக் குறிக்க அவனுக்குத் தெரிந்திருந்த ஒரே சொல், வகுப்பில் மற்றவர்கள் அவனைத் திட்டிய சொல். அதை ஆசிரியர் முன் எப்படிச் சொல்வது என்று பேசாமல் திரும்பிவிட்டான். உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில், அவனைப் போன்றவர்களைக் குறிக்கும் கண்ணியமான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. அரசிதழைப் படித்து அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"அந்த வரியைப் படித்தால் பிள்ளைகள் அப்படி மாறிவிடுவார்கள்" என்று ஒரு பயம். பக்கத்துப் பலகையில் தினம் ஒரு குறள் எழுதுகிறோமே, படித்தவர்கள் எல்லாம் வள்ளுவர் வழியிலா நடக்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது; அந்த ஈர்ப்பை 'மாற்றும் சிகிச்சை' தருவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னதற்கு, "உங்கள் வீட்டு விஷயத்தைப் பள்ளிக்குக் கொண்டுவராதீர்கள்" என்றார் ஒருவர். ஆம், கொண்டுவந்தேன். தேர்வில் தோற்ற பிள்ளை மனமுடைந்தால் அது ஊர் விஷயம், என் தம்பி மனமுடைந்தால் மட்டும் வீட்டு விஷயமா?

"பெற்றோருக்குத் தெரியாமல் ஆலோசகர் பிள்ளையிடம் எப்படிப் பேசலாம்?" என்ற கேள்வி ஒன்றுதான் நியாயமானது. உயிருக்கு ஆபத்தென்றால் பெரியவர்கள் தலையிடத்தான் வேண்டும். ஆனால் அப்போதும் அந்தப் பிள்ளை யாரை விரும்புகிறான் என்பதை அவன் சம்மதமின்றி வீட்டில் போட்டு உடைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அதற்கு அடி வாங்கப்போவது ஆலோசகர் அல்ல.

வெள்ளையடித்த பலகையைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "பெயிண்டர் கூலியை நான் தருகிறேன், அக்கா" என்று மட்டும் எழுதியிருக்கிறான். திங்கட்கிழமை அந்த அரசிதழோடு தலைமையாசிரியர் அறைக்குப் போகிறேன்.