பழைய கடன் பாக்கியைச் சிபில் பதிவிலிருந்து அழிக்க முடியுமா?

"பணம் கட்டினால் பழைய வங்கிக் கடன் பாக்கியைச் சிபில் அறிக்கையிலிருந்து அடியோடு அழித்துத் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி உண்மையல்ல. கடன் கொடுத்த வங்கி உறுதிசெய்யாமல், நம் கடன் வரலாற்றைப் பதிவுசெய்து வைக்கும் சிபில் நிறுவனமே ஒரு பதிவை மாற்ற முடியாது எனும்போது, இடைத்தரகரால் எப்படி முடியும்?

பதிவு தவறாக இருந்தால், சிபில் இணையதளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். 30 நாளுக்குள் அது தீர்க்கப்படாவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற ரிசர்வ் வங்கி விதியே வழிசெய்கிறது. பாக்கி உண்மையானதென்றால், முழுத் தொகையையும் கட்டி, வங்கியிடம் நிலுவையில்லாச் சான்று வாங்கி, கணக்கின் நிலை 'குளோஸ்டு' என மாறியிருக்கிறதா என்று அறிக்கையில் பார்க்க வேண்டும். தொகையைக் குறைத்துப் பேசி முடித்த கணக்கில் 'செட்டில்டு' என்றே பதிவாகும்; அடுத்த கடன் கேட்கும்போது வங்கிகள் அதைப் பாதகமாகவே பார்க்கின்றன.